பழைய லை

அப்பா 2019இல் காலமானார். பாகம் பிரிப்பதில் சண்டை ஒன்றும் இருக்கவில்லை. விசைத்தறிகளை முன்பே விற்றாயிற்று. வீடு அண்ணனுக்கு என்பதும் அப்பா இருக்கும்போதே பேசி முடித்ததுதான். எனக்கென்று நான் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரே ஒரு பொருளை. அப்பாவின் பேரேடு. 1983 தை மாதத்தில் தொடங்கி 1996 வரையிலான கணக்கு அதில் இருக்கிறது. நூல் வாங்கியது, சாயப்பட்டறைக்குக் கொடுத்தது, பாவு ஓட்டியவருக்குக் கூலி, தார் சுற்றிய பெண்களுக்கு வாரக் கூலி, கரண்ட் பில், என்னுடைய பள்ளிக்கூடக் கட்டணம், அம்மாவுக்கு எடுத்த மூக்குத்தி. இலக்கியம் படித்தவன் என்பதால் சொல்கிறேன், எங்கள் வீட்டின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது.

வெண்ணந்தூரை அறியாதவர்களுக்கு ஒரு வரி. சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் இடையில், அலவாய்மலையைப் பார்த்தபடி கிடக்கும் நெசவூர். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரையில் நாங்கள் சேலம் ஜில்லாக்காரர்கள். பேரேட்டின் முதல் பக்கத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே அப்பாவின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்துதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அப்பாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதில் ஒரு ணாவும் ஒரு லையும் உண்டு என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் அத்தனை வீட்டிலும் ஒருவருக்காவது இருக்கும் பெயர். 1978இல் அரசாணை வந்து எழுத்துச் சீர்திருத்தம் நடந்த பிறகு பிறந்தவன் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு அரசாணையைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. ணகரத்தின் வாலையே கீழே சுழித்து ஆகாரமாக்கும் பழைய ணாவையும், தும்பிக்கையை முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய லையையும்தான் கடைசிவரை எழுதினார். ரேஷன் கடையில், கூட்டுறவுச் சங்கத்தில், என் மதிப்பெண் பட்டியலில், எல்லாவற்றிலும் அந்த யானைதான் நின்றது. வகுப்பு ஆசிரியர் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, ‘உங்கப்பாவைப் புது எழுத்து பழகச் சொல்லுடா’ என்றார். நான் அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

பேரேட்டின் முதுகு விட்டுப்போயிருந்தது. காலிகோ துணி ஓரங்களில் நைந்து, அட்டை தனியே வந்துவிட்டது. தைத்துக் கட்டிய பிறகு மேலே கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு தோல் உறை செய்து, அதன் முகப்பில் அப்பாவின் கையெழுத்தை அப்படியே பதிக்கலாம் என்று தோன்றியது. இதில் கொஞ்சம் பகட்டும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேராசிரியர்கள் வீட்டு அலமாரிகளைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

எங்கள் ஊரிலேயே தோல்வேலை செய்கிற இளைஞர் ஒருவர் இருப்பதை என் மாணவன் சொன்னான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருடம் இருந்துவிட்டு 2020 ஊரடங்கில் திரும்பி வந்தவர். முப்பது வயதுக்குச் சற்று மேலே. பெல்ட், பர்ஸ், தோள்பை என்று வீட்டிலேயே செய்து, தொலைபேசி வழியாகவே விற்கிறார். வாங்குகிறவர்கள் தங்கள் பெயரைப் பதித்துத்தரக் கேட்கிறார்கள். அதில்தான் அவருக்கு லாபம். நான் போனது அருந்ததியர் குடியிருப்புக்கு. நாற்பத்தைந்து வருடம் அதே ஊரில் வேரோடியிருப்பவன், அந்தத் தெருவுக்குள் கால்வைத்தது அன்றுதான் இரண்டாம் முறை. முதல் முறையைப் பிறகு சொல்கிறேன்.

‘இங்கிலீஷ்ல போட்டா இப்பவே அடிச்சுக் குடுத்துருவேன் சார். தமிழ்னா அச்சு செய்யோணும்’ என்றார். அவரிடம் ஒரு மரப்பெட்டியில் ஆங்கில எழுத்துகள் தனித்தனிப் பித்தளை அச்சுகளாக இருந்தன. இருபத்தாறு எழுத்து, பத்து எண், ஒரு புள்ளி. எந்தப் பெயரையும் கோத்துவிடலாம். தமிழுக்கு அப்படி ஒரு பெட்டி வேண்டுமென்றால் பழைய அச்சகங்களில் இருந்த மாதிரி அறைகள் பிரித்த பெரிய பலகைதான் வேண்டும். அதனால் தமிழில் கேட்பவர்களுக்கெல்லாம் பெயர் மொத்தத்தையும் ஒரே தகடாக வெட்டிக்கொள்கிறார். எனக்கு அதுகூடப் போதாது. எந்தக் கணினி எழுத்துருவிலும் அப்பாவின் லை இல்லை. பழைய வடிவம் தரும் எழுத்துருக்கள் ஒன்றிரண்டு உண்டுதான். ஆனால் அது அச்சகத்தின் லை. அப்பாவுடையது தும்பிக்கை நீண்டு, நுனி லேசாக நடுங்கியது.

தோலில் பதிக்கும் அச்சைப் பற்றி அவர் எனக்கு எடுத்த வகுப்பை நான் எடுக்கும் எந்த வகுப்போடும் ஒப்பிட மாட்டேன். அச்சில் எழுத்து இடவலம் மாறி நிற்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, எழுத்தின் பக்கச் சுவர் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது. கீழே வரவர அகன்று சரிய வேண்டும். இல்லையென்றால் தகடு கத்தியாகி, தோலின் மேல்தோலை அறுத்துவிடும். கோடு அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பதியாது, கீறும். இரண்டு கோட்டுக்கு நடுவிலுள்ள இடைவெளி அதைவிடக் குறுகினால் தோல் அதற்குள் ஏற இடமிருக்காது, சுழி அடைத்துக்கொள்ளும். குறைந்தது ஒரு மில்லிமீட்டர் ஆழமாவது வேண்டும். காகிதத்துக்கான அச்சில் அவ்வளவு தேவைப்படாது, தோல் தடிமனானது, அமுக்கும்போது பொங்கும். ‘உங்க ணாவுல மூணு சுழி சார், அதுக்கு மேல வால் வேற. இங்கிலீஷ்ல ஓ ஒண்ணுதான் சுழி’ என்றார். புள்ளி இன்னும் மோசம். சிறிய புள்ளியில் அத்தனை அழுத்தமும் ஊசிமுனையில் போலக் குவிந்து துளை விழுந்துவிடும். ஓலை கிழியும் என்று ஏட்டில் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்று நான் வருடாவருடம் பாடம் நடத்துகிறேன். அதே புள்ளி, அதே சிக்கல், இங்கே ஒரு பர்ஸில்.

முன்பெல்லாம் இது ஒரு பெரிய காரியமாக இருந்திராது. சேலத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் ‘பிளாக்’ போட்டுத் தருபவர்கள் இருந்தார்கள். வரைந்ததைப் படம் பிடித்து, ஒளிபட்டால் இறுகும் பூச்சு பூசிய துத்தநாகத் தகட்டின்மேல் அந்த நெகட்டிவை வைத்து ஒளி காட்டி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். சிற்றிதழ்களில் நாம் பார்த்த ஓவியங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆஃப்செட் வந்தது, பிளாக் போனது. நான் விசாரித்த ஒரு அச்சக உரிமையாளர், தன் பழைய பிளாக்குகளை எடைக்குப் போட்டதாகச் சொன்னார். எத்தனை முகங்கள், எத்தனை பிள்ளையார்கள்!

கடைசியில், கம்ப்யூட்டரில் இயங்கும் வெட்டும் இயந்திரம் வைத்திருக்கும் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் கொடுத்தேன். கையெழுத்தை ஸ்கேன் செய்து, கோட்டைத் தடிப்பாக்கி, இடவலம் மாற்றிக் கொடுத்தது நான். என் தோல்வேலை நண்பர் பித்தளையில் கேளுங்கள் என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். கடையில் பித்தளைத் தகடு இல்லை, இரும்பில் வெட்டலாம் என்றார்கள். சரி என்றேன். கடைக்காரர் அச்சு என்றால் இடவலம் மாற்ற வேண்டும் என்று அறிந்தவர். அவரும் ஒருமுறை மாற்றிவிட்டார்! தகட்டில் அப்பாவின் பெயர் அழகாக, நேராக நின்றது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. படிக்க முடிகிறதே என்று மகிழ்ச்சியாக எடுத்துவந்தேன். தகட்டைப் பார்த்தவுடன் நண்பர் சிரித்தார். ஆனாலும் ஒரு துண்டுத்தோலில் வைத்து அமுக்கிக் காட்டினார்.

அமுக்கும் கருவியையும் சொல்ல வேண்டும். நாமக்கல் லாரிக்கு பாடி கட்டும் ஊர். அங்கே ஒரு பட்டறையில் சேனல் இரும்பைச் சதுரமாக வெல்டிங் செய்து, நடுவில் பத்து டன் லாரி ஜாக்கியை நிறுத்தி ஒரு பிரஸ் செய்து வாங்கியிருக்கிறார். டயர் மாற்றத் தூக்குகிற ஜாக்கி, இங்கே மேலே ஏறித் தகட்டைத் தோலில் அழுத்துகிறது. உள்ளங்கை அகலத் தகட்டுக்குப் பத்து டன்னும் தேவையில்லை. கைப்பிடியில் எத்தனை இழுப்பு என்று எண்ணிக்கொள்கிறார்.

தோலை முதலில் நனைக்க வேண்டும். சொட்டச் சொட்ட அல்ல. பஞ்சால் ஒற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்து, மேற்பரப்பு மறுபடி வெளிறத் தொடங்கும்போது எடுத்தால் உள்ளே ஈரமும் மேலே இறுக்கமும் இருக்கும். அந்தப் பதத்தில் வைத்தால் நகக்கீறல்கூடத் தங்கிவிடும். அன்று பிரஸ்ஸிலிருந்து எடுத்த துண்டில் அப்பாவின் பெயர் தலைகீழ்க் கண்ணாடியில் பார்த்ததுபோல் வலமிருந்து இடமாக ஓடியது. எழுத்தெல்லாம் நீலக்கறுப்பு. நான் மையை எங்கே தடவினீர்கள் என்று கேட்டேன்.

‘மை இல்லைங்க சார். இரும்பு. பட்டைத் தோலு ஈரத்துல இரும்பைத் தொட்டா கறுத்துரும். அதுக்குத்தான் பித்தளை சொன்னது.’

மரப்பட்டைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த பழைய மையும் இதேதான். அந்த இரண்டையும் கொண்டு நூலுக்குக் கறுப்பு ஏற்றியதும் உண்டு. பாடமாக எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கையில் பட்டபோதுதான் தெரிந்தது. அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தார். கறுப்பு மெல்ல வெளிறியது. எழுத்து மட்டும் தலைமாறி நின்றது. அப்பா இருந்திருந்தால் அதைத் தயங்காமல் படித்திருப்பார். கைத்தறியில் பட்டுச் சேலை நெய்த காலத்தில் அவர் முகப்புப் பக்கத்தைக் கீழே வைத்துத்தான் நெய்தார். பூவும் மயிலும் கரையும் அவர் கண்ணுக்கு எப்போதும் பின்புறம்தான். குழந்தையாக இருந்தபோது நான் சிலேட்டில் எழுதியதை எதிரே உட்கார்ந்தபடி படிப்பார்.

தோலைப் பற்றியும் கொஞ்சம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் செருப்புக்கும் ஷூவுக்கும் வருவது பெரும்பாலும் குரோமியத்தால் பதனிட்ட தோல். மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் பதித்ததை வைத்துக்கொள்ளாது. வேறொரு பழைய தமிழ் அச்சால் அதில் பதித்துக் காட்டினார். மாலையில் பளிச்சென்று இருந்த எழுத்து மறுநாள் காலையில் பாதி எழும்பிவிட்டது. மரப்பட்டையில் ஊறிய தோல் அப்படியல்ல. அமுங்கினால் அமுங்கியதுதான். தமிழ்நாட்டில் இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது ஆவாரம்பட்டை. சாலையோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே, அதே ஆவாரை. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ‘ஈ.ஐ. லெதர்’ என்று உலகச் சந்தையில் பெயர்பெற்ற அந்தத் தோல் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களின் சரக்கு. கிழக்கிந்தியா என்பதன் சுருக்கம் அது, அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. கருத்தரங்கு ஒன்றுக்காகக் கொல்கத்தா போனபோது சாந்திநிகேதன் தோல்பை ஒன்று வாங்கினேன். ஈரத்தோலில் தகட்டால் பதித்து, மேலே வண்ணம் தீட்டியது. ரதீந்திரநாத் தாகூரும் பிரதிமா தேவியும் அங்கே ஊன்றிய கைத்தொழில் அது. வங்காளக் கைவினை என்று பெருமையோடு நான் நண்பரிடம் காட்ட, அவர் உட்புறத்தை மோந்து பார்த்துவிட்டு, ‘தோலு நம்மூரு தோலாட்டம் இருக்குதுங்களே’ என்றார். அவர் சொன்னது பொய்யாக இருக்க வாய்ப்பில்லை. அங்கே பயன்படுவது இந்த ஈ.ஐ. வகைத் தோல்தான்.

பித்தளை அச்சை வெட்டித் தந்தவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு டை வெட்டும் முதியவர். எழுபது வயதுக்கு மேலிருக்கும். கணினி, ஸ்கேன் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்தை மெல்லிய தாளில் படியெடுத்து, தகட்டில் வெள்ளை பூசி, தாளைக் கவிழ்த்துப்போட்டுக் கோட்டை இறக்கினார். அவ்வளவுதான், இடவலம் மாறிவிட்டது. பிறகு உளி. ‘எழுத்தைப் பார்க்காதீங்க. நாம வெட்டறது எழுத்தை இல்லை, சுத்தி இருக்கறதை’ என்றார். இரண்டு நாள் கழித்துப் போனபோது தகட்டைக் கையில் கொடுத்தார். தும்பிக்கையின் நடுக்கம்கூட அதில் இருந்தது. ‘பழைய லைங்களே இது. நானும் இப்படித்தான் எழுதுவேன்’ என்று சொல்லித் தன் ரசீதில் கையெழுத்திட்டுக் காட்டினார். அவர் பெயரில் லை இல்லை. ஒரு னா இருந்தது.

அளவெடுப்பதற்காகப் பேரேட்டை ஒரு வாரம் நண்பர் வீட்டில் விட்டிருந்தேன். தகட்டோடு நான் போன அன்று, அவர் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை அழுக்குப் படாமலிருக்கக் கீழே ஒரு வெள்ளைத்தாள் விரித்திருந்தார்.

‘படிச்சேன் சார். தப்பா நினைச்சுக்காதீங்க.’

‘அதனாலென்ன தம்பி.’

‘இதுல தோல்னு வர்றதெல்லாம் எங்க தாத்தாதான்.’

நான் இந்த இடத்தை அறிவேன். அறிந்தும் பார்க்காத இடம். விசைத்தறியில் நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிப்பது பிக்கர். எருமைத்தோலை இறுக்கி, எண்ணெயில் ஊறவைத்துச் செய்வது. நைலான் பிக்கர் பரவும் வரை எங்கள் தறிகளில் தோல் பிக்கர்தான் இருந்தது. அது பெட்டியில் கடையிலிருந்து வரும். ஆனால் அதை இழுக்கும் வார், நாடா வந்து மோதும் இடத்திலுள்ள தோல்பட்டை எல்லாம் உள்ளூரில் அறுத்து வாங்குவதுதான். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடி வாங்கும் வார் எத்தனை நாள் தாங்கும்? அறுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அப்பாவுக்குக் கோபம் வரும். நான் ஓட வேண்டும். அந்தத் தெருவுக்குள் நான் முதல் முறை போனது அப்படித்தான். எட்டு வயதிருக்கும். போய் நின்று, ‘அப்பா வார் கொண்டாரச் சொன்னாரு’ என்றேன். யாரிடம் சொன்னேன்? என் தாத்தாவின் வயதுள்ள மனிதரிடம். எப்படிக் கூப்பிட்டேன் என்பதை எழுதக் கூசுகிறது. ஊரில் எல்லாக் குழந்தைகளும் கூப்பிட்ட மாதிரிதான். அவர் எழுந்து வந்தார். எங்கள் வீட்டில் தறிக்கூடத்தின் பின்வாசல் வழியாக வந்து, வாரை அளந்து கட்டிவிட்டு, பின்வாசல் வழியாகவே போனார். கவலை இறைத்த காலத்தில் சாலின் அடியில் தும்பிக்கைபோல் தொங்கும் தோலைத் தைத்தவர் அவர் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். மோட்டார் வந்து கவலை போனது. விசைத்தறி வந்ததால் வார் வேலை கிடைத்தது.

பேரேட்டில் நூல் கடைக்காரருக்குப் பெயர் உண்டு, இனிஷியலோடு. சாயப்பட்டறைக்காரருக்கு உண்டு. பாவு ஓட்டியவருக்கும் தார் சுற்றிய பெண்களுக்கும் உண்டு. முடிதிருத்துபவருக்குக்கூட ஓரிடத்தில் உண்டு. பதின்மூன்று வருடத்தில், எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு இடங்களில் ‘தோலுக்கு’ என்று மட்டும் எழுதி எதிரே தொகை இருக்கிறது. தோலுக்கு 6. தோலுக்கு 8. தோலுக்கு 15. அந்த லையும் ணாவும் தெரிந்த கைக்கு அந்த மனிதரின் பெயர் தெரியாமலில்லை.

அன்றிரவு எனக்குப் புறநானூற்றின் 82ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது என்று எழுதினால் வாத்தியார் புத்தி என்பீர்கள். ஆனால் வந்தது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போரைச் சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை, பொழுது சாய்கிறது. வீட்டுக்கு ஓட வேண்டிய ஒரு தொழிலாளி கட்டிலுக்குத் தோல்வார் பின்னுகிறான், அவன் கை ஊசியைவிட வேகமாக முடிந்தது அந்தப் போர் என்கிறார் புலவர். இருபது வருடமாக வகுப்பில் அதன் உவமை நயத்தைச் சிலாகித்து வருகிறேன். மன்னனுக்குப் பெயர் இருக்கிறது, மல்லன் எந்த ஊர் என்பது இருக்கிறது. ஊசி பிடித்தவனுக்கு இருப்பது ஒரு வசைச்சொல். அதைச் ‘சாதிப் பெயர் அல்ல, பிறப்பைக் குறித்த அக்கால வழக்கு’ என்று இரண்டு நிமிடத்தில் கடந்து, உவமைக்குப் போய்விடுவேன். தேர்வில் உவமைதான் கேட்பார்கள்.

மறுநாள் அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். செவ்வாய்ப்பேட்டைப் பெரியவரிடம் இன்னொரு சிறிய அச்சு வெட்டச் சொல்வோம். அதில் உங்கள் தாத்தாவின் பெயர். உறையின் பின்னட்டை உட்புறத்தில், கீழ்மூலையில் அதைப் பதிப்போம். செலவு என்னுடையது.

அவர் தோலின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

‘வேண்டாங்க சார்.’

‘ஏன் தம்பி?’

‘எங்க தாத்தா பேரு உங்கப்பா பேருக்குப் பின்னாடி எதுக்குங்க சார் வரணும்? அதும் உள்பக்கத்துல.’

பின்வாசல் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்டது.

சற்று நேரம் கழித்து எழுந்து உள்ளே போய் ஒரு தோள்பையைக் கொண்டுவந்தார். மூடியின் நடுவில், முகப்பில், தமிழில் ஒரு பெயர் பதிந்திருந்தது. ஐந்து எழுத்து. கடைக்குப் போகும் தன் சரக்கில் எல்லாம் அதைத்தான் பதிக்கிறாராம். கம்பெனிப் பெயர் அதுதானாம். அச்சைத் தொடங்கிய வருடமே செய்து வைத்திருக்கிறார். ஆம்பூரில் உடன் வேலைசெய்த நண்பர் பிளாஸ்டிக்கில் அச்சடித்துத் தந்த முதல் அச்சு ஐம்பது அமுக்கலில் நசுங்கிவிட்டது; பிறகு மெக்னீசியத் தகட்டில், அதன் பிறகு பித்தளையில். மூன்றையும் காட்டினார். முதல் இரண்டில் அடைத்துப்போன சுழியை மூன்றாவதில் கொஞ்சம் அகலமாக்கியிருந்தார். குரோம் தோலில் பதித்துக் காட்டியதும் அந்த அச்சால்தான். அன்று நான் எழுத்து எழும்புவதைத்தான் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. ‘வாங்கறவங்க யாரு பேருன்னு கேப்பாங்க. எங்க கம்பெனின்னு சொல்லுவேன்’ என்றார். அந்தப் பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். ‘பைய வாங்கறவங்க படிச்சுக்கட்டும் சார்.’

உறையைப் பதித்தது ஐப்பசியில், மழை நாளில். ஈரக் காற்றில் தோல் பதத்துக்கு வர நேரமெடுத்தது. வெளிறுகிறதா வெளிறுகிறதா என்று இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பித்தளைத் தகட்டைச் சூடாக்கவில்லை. சூடு ஏற்றினால் பதிவு கறுத்து எடுப்பாகத் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன்; அது காய்ந்த தோலுக்குச் சரி, நனைந்த பட்டைத் தோல் சூட்டில் சுருங்கி விறைத்துவிடும் என்றார். தகட்டைக் கவிழ்த்து வைத்தார். ஒரு அட்டை, அதன் மேல் இரும்புப் பலகை. ஜாக்கியின் கைப்பிடியை என்னிடம் நீட்டினார். ‘நீங்க போடுங்க சார், அப்பா பேரு.’ ஏழு இழுப்பு. ஏழாவதில் கை நிற்கும் இடம் தெரியும் என்றார். தெரிந்தது. ஐந்து நிமிடம் விட்டுவைத்தோம். எடுத்தபோது லையின் தும்பிக்கை வலமிருந்து இடம் மாறாமல், கறுக்காமல், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒரு சுழி மட்டும் பாதி அடைபட்டிருந்தது. மறுபடி அமுக்கினால் இரட்டைக் கோடு விழும். அப்படியே விட்டுவிட்டோம்.

கூலியைக் குறைத்துக்கொள்ளவில்லை. நானும் கூட்டிக் கொடுக்கவில்லை. ரசீது தந்தார். ஒரு தோள்பையும் வாங்கிக்கொண்டேன். அதைத்தான் இப்போது கல்லூரிக்குக் கொண்டுபோகிறேன். மூடியிலுள்ள பெயரைப் பார்த்த ஒரு மாணவி, ‘இது உங்க அப்பா பேருங்களா ஐயா?’ என்று கேட்டாள். இல்லை, எங்கள் தறிக்கு வார் அறுத்தவருடைய பெயர் என்றேன். அவளுக்கு வார் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது.

பேரேட்டை ஒவ்வொரு வருடமும் சரசுவதி பூஜைக்கு எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் வைப்பது வழக்கம். உறை போட்ட பேரேட்டை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவுக்கு இப்போது கண் மங்கல். முகப்பை விரலால் தடவினார். ணாவின் வாலில் விரல் நின்றது, லையின் தும்பிக்கையில் ஏறி இறங்கியது. ‘உங்கப்பன் எழுத்துதான்’ என்றார். பிறகு முகர்ந்து பார்த்தார்.

‘தோலா இது?’

‘ஆமாம்மா.’

‘தோலைக் கொண்டாந்து சாமிகிட்ட வைக்கறதாடா?’

ஆயுத பூஜைக்குத் தறிக்குப் பொட்டு வைக்கும்போது தோல் பிக்கருக்கும் சேர்த்துத்தானே சந்தனம் வைத்தீர்கள் என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். செய்தது யார் என்று கேட்டார். சொன்னேன். ‘அவரு பேரனா?’ என்றார். ‘அவரு’ என்று அம்மா சொன்னதை நான் கவனித்தேன். அம்மா கவனித்தாரா தெரியாது.

‘சரி, ஒரு துண்டுல சுத்தி வை’ என்றார் கடைசியில்.

பீரோவின் அடித்தட்டில் எங்கள் தறியில் நெய்த துண்டு ஒன்று இன்னும் இருந்தது. அதில் சுற்றி வைத்திருக்கிறோம்.